“லிங்க்க பாத்தோம்ணே, யோசிச்சுச் சொல்றோம்”: போட்டோகிராபர் வெப்சைட்டில் வாடிக்கையாளரை விரட்டும் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

இந்தப் பதில் வந்தால் அந்த ஆர்டர் வேறு ஸ்டுடியோ பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நம்முடைய ரேட் அதிகமாகத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். ரேட் இருக்கும் இடம் வரைக்கும் அவர்கள் வந்து சேர்ந்தார்களா என்று யாரும் பார்ப்பதில்லை.

சைட்டைத் திறப்பவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். மாப்பிள்ளையும் பொண்ணும் மட்டும் இல்லை. மேலூரில் இருக்கும் பொண்ணோட அக்கா, உசிலம்பட்டியில் கணக்கு நோட்டை வைத்திருக்கும் சித்தப்பா, திருமங்கலத்துத் தாய்மாமன் என்று குடும்பமே வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைக் கையில் இருக்கும் ஃபோனில் தட்டுகிறது. அவர்களுக்குத் தெரிய வேண்டியது மூன்று விஷயம். எங்கள் தேதிக்கு வருவீர்களா? மொத்தம் எவ்வளவு ஆகும்? எங்கள் வீட்டு விசேஷத்தை எப்படி எடுப்பீர்கள்? நம் மதுரைப் பக்கத்து சைட்டுகளில் பலவும் இந்த மூன்றையும் விட்டுவிட்டு, இன்னொரு போட்டோகிராபர் பார்த்தால் அசந்துபோக வேண்டும் என்ற நினைப்பில் செய்யப்பட்டவை. கீழே வரும் கோளாறுகள் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கின்றன.

வாடிக்கையாளர் வாயில் வரும் வார்த்தைகளையே தலைப்பாக வைத்திருக்கிறோம். உங்களிடம் அடிக்கடி வரும் வார்த்தை எதுவோ அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

எடிட்டிங் கம்ப்யூட்டரில் சைட்டைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அந்த பிரவுசரில் படங்கள் ஏற்கெனவே சேமிப்பில் இருக்கும், திரை பெரிது, லைன் வேகமானது. அங்கே எந்தக் கோளாறும் தெரியாது.

குறைந்த விலை ஆண்ட்ராய்டு ஃபோன் ஒன்றை எடுங்கள். மூன்று நான்கு வருடப் பழசு என்றால் நல்லது. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு வாருங்கள். க்ரோமில் இன்காக்னிட்டோ விண்டோ (பழைய சேமிப்பைப் பயன்படுத்தாத விண்டோ) திறந்து, சைட் முகவரியை ஒட்டி, உங்கள் சைட்டை இதுவரை பார்த்திராத ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கையில் கொடுங்கள். அத்தை, பெரியம்மா, பக்கத்துக் கடைக்காரர், யாராக இருந்தாலும் சரி. மூன்று வேலை சொல்லுங்கள்: “ஒரு கல்யாணத்துக்கு எவ்வளவு ஆகும்னு கண்டுபிடிங்க”, “ஒரே கல்யாணத்தோட படம் முழுசையும் பாருங்க”, “இவங்களுக்கு ஃபோன் போடுங்க”. அதன் பிறகு வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். “மேல இருக்கு பாருங்க அத்தை” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சோதனை வீண். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை விநாடி ஆனது, விரல் எங்கே தடுமாறியது, எந்த இடத்தில் “என்னப்பா இது” என்றார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புதான் உங்கள் பழுதுப் பட்டியல்.

“சுத்திக்கிட்டே இருக்கு, தொறக்கவே மாட்டேங்குது”

ஆல்பத்துக்கு எக்ஸ்போர்ட் செய்த ஃபைலையே சைட்டிலும் ஏற்றியிருப்பீர்கள். இந்தக் கோளாறுக்கு வேறு காரணம் வருவது அபூர்வம்.

கணக்கு இதுதான். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000க்கு 4000 பிக்சல். ஜேபெக் ஒன்று 8 எம்பி என்றால், முகப்பு ஸ்லைடரில் 12 படம் போட்டால் 96 எம்பி. விநாடிக்கு 10 மெகாபிட் வரும் லைனில் அது இறங்கி முடிய 77 விநாடி பிடிக்கும். மண்டபத்துக்குள்ளே ஐந்நூறு பேர் கூடியிருக்கும்போது அந்த வேகமும் கிடைக்காது. இவ்வளவும் இறங்கிப் போய்ச் சேரும் ஃபோன் திரையின் அகலமோ பெரும்பாலும் 1080 பிக்சல் அளவுதான். அதே 12 படங்களைத் தலா 250 கேபிக்குக் கொண்டுவந்தால் மொத்தமே 3 எம்பி. இரண்டரை விநாடியில் வந்துவிடும்.

லைட்ரூம் எக்ஸ்போர்ட் பெட்டியில் ‘லாங் எட்ஜ்’ 2048 பிக்சல், குவாலிட்டி 75, கலர் ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொதுவான நிற வரம்பு), ஷார்ப்பனிங் ‘ஸ்க்ரீன்’ என்று வைத்து, அதை ‘வெப்சைட்’ என்ற பெயரில் ப்ரீசெட்டாகச் சேமித்துவிடுங்கள். கேலரியில் வரிசையாகத் தெரியும் குட்டிப் படங்களுக்கு 800 பிக்சல் போதும், தலா 100 கேபிக்குள் அடங்கும். ஜேபெக்கை வெப்பி வடிவத்துக்கு மாற்றினால் இன்னும் கால் பங்கு குறையும். கூகுளின் ஸ்க்வூஷ் தளத்தில் இலவசமாக மாற்றலாம். பழைய அளவையும் புதிய அளவையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். 72 டிபிஐ என்று மாற்றினால் படம் லேசாகிவிடும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. டிபிஐ பிரிண்டுக்கான எண். திரைக்குப் பிக்சல் கணக்குதான். 6000 பிக்சல் படத்தில் டிபிஐயை எவ்வளவு மாற்றினாலும் எடை அப்படியேதான் இருக்கும்.

அடுத்தது ஸ்லைடர். தூக்கிவிடுங்கள். பன்னிரண்டாவது படம் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. நல்ல படம் ஒன்றே முகப்பில் போதும். லோகோ சுழன்று வந்து, கேமரா ஷட்டர் திறந்து, அதன் பிறகு சைட் தெரியும் ‘ப்ரீலோடர்’ இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அந்த மூன்று விநாடியும் வாடிக்கையாளருடையது.

‘லேசி லோடிங்’ (பார்ப்பவர் அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் படத்தை இறக்கும் முறை) போட்ட பிறகும் மெதுவாக இருக்கிறது என்பார்கள். கீழே வரும் படங்களுக்கு லேசி லோடிங் அவசியம்தான். பல ப்ளக்இன்கள் (சைட்டில் கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் சின்ன மென்பொருள்கள்) முகப்பின் முதல் படத்துக்கும் சேர்த்து அதைப் போட்டுவிடும். அப்போது முதலில் வர வேண்டிய படமே கடைசியாகக் கிளம்பும். ப்ளக்இன் செட்டிங்கில் முதல் படத்தை விலக்கிவையுங்கள். பிறகு கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்து, ‘மொபைல்’ பக்கத்தில் ‘லார்ஜஸ்ட் கன்டென்ட்ஃபுல் பெயின்ட்’ எண்ணைப் பாருங்கள். முதல் திரையின் பெரிய படமோ எழுத்தோ தெரிய ஆகும் நேரம் அது. 2.5 விநாடிக்குள் வந்தால் நல்லது. 4 விநாடியைத் தாண்டினால் மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று பாக்கி இருக்கிறது.

“ஒண்ணத் தொட்டா வேற என்னமோ திறக்குது”

படத்துக்கு அகல உயர அளவு கொடுக்காமல் விட்டிருப்பீர்கள். எழுத்து முதலில் வரும், படம் பிறகு வந்து எழுத்தைக் கீழே தள்ளும், அந்த நேரம் பார்த்து விரல் வேறு பட்டனில் இறங்கும். ஒவ்வொரு படத்துக்கும் அளவைக் குறித்துவிட்டால் பிரவுசர் அந்த இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும். கட்டைவிரலில் தொடும் பட்டன்கள் 48 பிக்சல் உயரமாவது இருக்கட்டும்.

“ரேட்டு எங்கயுமே போடலையே”

எல்லாப் புகார்களிலும் வலுவானது இதுதான். ‘விலைக்குத் தொடர்புகொள்ளவும்’ என்ற வரியைப் படிக்கும் சித்தப்பாவுக்கு இரண்டு சந்தேகம் வருகிறது: ஆளைப் பார்த்து ரேட் சொல்வார்கள், ஃபோன் செய்துவிட்டால் பிறகு விட மாட்டார்கள். மூன்று ஸ்டுடியோ லிங்க் கையில் இருக்கும்போது, ரேட் போட்டிருக்கும் ஸ்டுடியோவுக்குத்தான் முதல் ஃபோன் போகும்.

போட்டி ஸ்டுடியோ பார்த்துக் குறைத்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. ஆனால் உங்கள் ரேட் தெரிய வேண்டிய போட்டிக்காரர் யாரையாவது விட்டு ஒரு ஃபோன் போட்டாலே தெரிந்துகொள்வார். ரேட்டை மறைத்து வைப்பதால் தெரியாமல் போவது வாடிக்கையாளருக்கு மட்டும்தான்.

எல்லா பேக்கேஜையும் அட்டவணையாகப் போட வேண்டும் என்றில்லை. ‘இந்தத் தொகையிலிருந்து ஆரம்பம்’ என்று ஒரு எண்ணைப் போட்டு, அந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கும் என்று தெளிவாக எழுதினாலே பாதிச் சண்டை தீர்ந்தது. எழுத வேண்டியவை:

எத்தனை பேர் வருவார்கள். ‘ட்ரெடிஷனல் போட்டோ 1, கேண்டிட் 1, வீடியோ 1’ என்று ஆள் கணக்கில் போடுங்கள். ‘டீம்’ என்று போட்டால் அவர்கள் மனதில் ஐந்து பேர் வருவார்கள்.

எத்தனை வேளை. நம் பக்கம் முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் விடியற்காலை முகூர்த்தம் என்பது வழக்கம். அதை ஒரு நாளாகக் கணக்கிடுகிறீர்களா, இரண்டாகவா? நேரத்தோடு எழுதுங்கள். திருப்பரங்குன்றத்தில் தாலி கட்டிவிட்டு மண்டபத்துக்கு வரும் வீடுகள் நிறைய. கோயில், மண்டபம் இரண்டும் ஒரே கணக்கா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஆல்பம். இங்கே குழப்பம் அதிகம். ‘40 ஷீட்’ என்றால் நமக்கு 80 பக்கம். வாடிக்கையாளர் சிலர் 40 போட்டோ என்று நினைக்கிறார்கள், சிலர் 40 பக்கம் என்று நினைக்கிறார்கள். ‘12க்கு 36 அங்குல ஆல்பம், 40 ஷீட், அதாவது 80 பக்கம். ஒரு ஷீட்டுக்கு நான்கைந்து படம் வீதம் 160 முதல் 200 படங்கள்’ என்று முழுதாக எழுதுங்கள். 36 அங்குலம் என்பது விரித்த அளவு, மூடினால் 18 என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். டெலிவரி அன்று “இவ்வளவு சின்னதா?” என்ற கேள்வி வராது.

தனியாக ஆகும் செலவு. கூடுதல் ஷீட்டுக்கு எவ்வளவு, ட்ரோன், எல்இடி வால், லைவ், மதுரைக்கு வெளியே வண்டிச் செலவு, ஜிஎஸ்டி சேர்த்தா தனியா. கல்யாண வீட்டுக்காரர்களுக்குக் கோபம் வருவது முதலில் சொன்ன ரேட்டில் இல்லை, கடைசியில் ஏறும் ரேட்டில்.

எப்போது கைக்கு வரும். படங்கள் எத்தனை நாளில், வீடியோ எத்தனை நாளில், அவர்கள் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த நாளிலிருந்து எத்தனை நாளில் ஆல்பம். அந்தக் கடைசி நிபந்தனையை எழுதாமல் விட்டவர்கள்தான் “ஆறு மாசமாச்சு, ஆல்பம் வரலை” என்ற ரிவ்யூவை வாங்குகிறார்கள்.

காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, புதுமனை புகுவிழா ஆகியவற்றுக்குக் கல்யாண பேக்கேஜிலிருந்து பிரித்து, அரைநாள் ரேட் என்று தனியாகப் போடுங்கள். அது இல்லாவிட்டால், ‘இவர்கள் பெரிய கல்யாணம் மட்டும் எடுப்பவர்கள் போல’ என்று கடந்துபோய்விடுவார்கள்.

“எல்லாம் சினிமா மாதிரி இருக்கு, எங்க வீட்டு விசேஷம் மாதிரி ஒண்ணும் இல்ல”

சைட்டைத் திறந்தால் திருமலை நாயக்கர் மஹால் தூண்களுக்கு நடுவே ஒரு ஜோடி, கீழக்குயில்குடி தாமரைக் குளத்துக்கரையில் ஒரு ஜோடி, சூரியன் இறங்கும் நேரத்தில் ஒரு ஜோடி. அழகான படங்கள்தான். ஆனால் பொண்ணோட அம்மா தேடுவது வேறு. தாலி கட்டும் நொடியில் கெட்டிமேளமும் அட்சதையும் புகையும் நடுவே இருக்கும்போது, இவர்கள் எந்தப் பக்கம் நின்று எப்படி எடுத்திருக்கிறார்கள்? மண்டபத்தின் மஞ்சள் விளக்கிலும் மேடையின் ஊதா எல்இடியிலும் முகம் எப்படி வந்திருக்கிறது? நடக்க முடியாத அப்பத்தா நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆசீர்வாதம் செய்ததை எடுத்திருக்கிறார்களா?

இதைச் சரிசெய்ய, வெவ்வேறு கல்யாணங்களிலிருந்து பொறுக்கிய 40 படங்களை ஓரமாக வைத்துவிட்டு, ஒரே கல்யாணத்தை 60 முதல் 80 படங்களில் நடந்த வரிசையிலேயே போடுங்கள். முகூர்த்தக்கால், பெண் அழைப்பு, வரவேற்பு, தாய்மாமன் சீர், மாலை மாற்றுவது, தாலி, அம்மி மிதிப்பது, பந்தி, மறுவீடு. அந்த வீட்டு வழக்கம் எதுவோ அந்த வரிசை. இப்படி இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு சடங்கு இருந்தால் போதும். ஒன்றாவது ஏசி இல்லாத, சின்ன மண்டபத்தில் எடுத்ததாக இருக்கட்டும். வெளிச்சம் மோசமான இடத்தில் நன்றாக எடுத்த படம்தான் உங்கள் தொழிலுக்கு நல்ல சாட்சி. படத்தின் கீழே மண்டபம் இருக்கும் ஊரையும் மாதத்தையும் போடுங்கள். ‘சோழவந்தான், வைகாசி’ என்று பார்த்ததும் வாடிப்பட்டிக்காரருக்கு நம் பக்கம் எடுத்தது என்று தெரிந்துவிடும்.

முகத்தை வெளுப்பாக்குவதை விட்டுவிடுங்கள். பொண்ணின் கழுத்தும் கையும் ஒரு நிறம், முகம் வேறு நிறம் என்று இருக்கும் படங்கள் சைட்டில் நிறைய பார்க்கிறோம். “நம்ம பிள்ளையோட நிறத்தையே மாத்திடுவாங்க போல” என்று அம்மாமார்கள் வாய்விட்டே சொல்கிறார்கள். ஸ்டுடியோவிடம் சொல்ல மாட்டார்கள், வீட்டில் சொல்வார்கள். கறுப்பு முகத்தைக் கறுப்பாகவே களையாக எடுத்துக் காட்டும் ஸ்டுடியோவுக்கு இந்த ஊரில் நிச்சயம் மரியாதை உண்டு.

வெளிநாட்டு இலவசப் படங்களையோ இன்னொருவர் எடுத்த படத்தையோ போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கூகுள் லென்ஸில் வைத்துப் பார்க்கக் கல்லூரி படிக்கும் தம்பி ஒருவன் எல்லா வீட்டிலும் இருக்கிறான்.

‘மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ள எடுப்பீங்களா?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். உள்ளே கேமராவுக்கு அனுமதி இல்லை, 2018 முதல் செல்போனுக்கும் தடை. அதைச் சைட்டிலேயே ஒரு வரி எழுதி, சித்திரை வீதிகளில் கோபுரம் தெரிய எங்கே எப்போது எடுக்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

“பட்டுச்சேலை கலரே மாறியிருக்கு”

அரக்குச் சிவப்புப் பட்டு செங்கல் நிறத்தில், குங்குமம் மங்கி, மஞ்சள் பூசிய முகம் சாம்பல் ஓடித் தெரியும். எடிட்டிங் மானிட்டரில் பார்த்தால் எந்தக் குறையும் இருக்காது. படத்தை எஸ்ஆர்ஜிபியை விட அகலமான நிற வரம்பான அடோபி ஆர்ஜிபியில் எக்ஸ்போர்ட் செய்திருப்பீர்கள். படத்தை லேசாக்கும் ப்ளக்இன், எந்த நிற வரம்பு என்று சொல்லும் கலர் ப்ரொஃபைலையும் சேர்த்து நீக்கியிருக்கும். ப்ரொஃபைல் இல்லாத படத்தை பிரவுசர் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும், நிறம் செத்துவிடும். எஸ்ஆர்ஜிபியில் எக்ஸ்போர்ட் செய்து மறுபடி ஏற்றுவது ஒன்றே வழி. ஏற்கெனவே ஏறிய படத்தைப் பிரகாசமாக்கி ஒப்பேற்றப் பார்த்தால் முகம் ஆரஞ்சாகும்.

“படத்துல பாதி ஆளக் காணோம்”

கம்ப்யூட்டர் திரைக்கு அகலவாக்கில் தேர்ந்தெடுத்த முகப்புப் படம், ஃபோனில் நிமிர்ந்த திரையை நிரப்புவதற்காக இரண்டு பக்கமும் வெட்டப்படும். இடது ஓரம் மாப்பிள்ளை, வலது ஓரம் பொண்ணு என்று இருந்தால் இருவருமே போய், நடுவில் இருந்த குத்துவிளக்கும் நாதஸ்வரக்காரரின் முழங்கையும் மட்டும் மிஞ்சும். ஃபோனுக்கென்று நிமிர்ந்த வாக்கில், 1080க்கு 1920 அளவில், தனிப் படம் வையுங்கள். பெரும்பாலான தீம்களில் (சைட்டின் தயார் வடிவமைப்புகளில்) மொபைல் படத்துக்குத் தனி இடம் உண்டு. இல்லை என்றால் ‘ஃபோகல் பாயின்ட்’ வசதியில் முகங்கள் இருக்கும் இடத்தைக் குறித்துக் கொடுங்கள். ஸ்டுடியோ பெயரை முகத்தின் மேல் எழுத வேண்டாம்.

“ஃபோன் நம்பர் எங்கப்பா இருக்கு?”

நம்பர் இருக்கும், லோகோவோடு சேர்த்துப் படமாக இருக்கும். தொட்டால் டயல் ஆகாது. படித்து மனப்பாடம் செய்து போட வேண்டும். நம்பரை எழுத்தாக, தொட்டால் அழைப்புப் போகும் இணைப்பாக வையுங்கள். திரையின் அடியில் ‘அழைக்க’, ‘வாட்ஸ்அப்’ என்ற இரண்டு பட்டன் எப்போதும் நிற்கட்டும். ஐகான் மட்டும் போதாது, பட்டனில் எழுத்து வேண்டும்.

வாட்ஸ்அப் பட்டன் ‘நம்பர் தவறு’ என்று காட்டினால் எண்ணின் முன்னால் பாருங்கள். அந்த இணைப்பில் 91ஐத் தொடர்ந்து பத்து இலக்கம் மட்டும் வர வேண்டும். கூட்டல் குறி, பூஜ்யம், இடைவெளி, கோடு எதுவும் கூடாது. இணைப்போடு செய்தியையும் முன்கூட்டியே நிரப்பிவைக்கலாம்: ‘விசேஷம்: / தேதி: / ஊர், மண்டபம்:’ என்று மூன்று வரி. அவர்கள் நிரப்பி அனுப்பினால் போதும். ரேட் சொல்வதற்கு முன் நான்கு கேள்வி கேட்கும் வேலை மிச்சம்.

ஃபார்மில் பன்னிரண்டு கட்டம் வைத்தால் யாரும் நிரப்ப மாட்டார்கள். பெயர், ஃபோன், தேதி, ஊர் என்ற நான்கு போதும். மின்னஞ்சலைக் கட்டாயமாக்காதீர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். ‘மூணு நாளைக்கு முன்னாடியே ஃபார்ம்ல போட்டோம், பதிலே இல்ல’ என்ற புகார் வந்தால், ஃபார்ம் அனுப்பும் மெயில் உங்கள் ஸ்பேம் பெட்டியில் கிடக்கிறதா என்று பாருங்கள். ஹோஸ்டிங் சர்வர் தானாக அனுப்பும் மெயிலை ஜிமெயில் பல நேரம் நம்பாது. எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் முறை) ப்ளக்இன் போட்டு, உங்கள் மெயில் கணக்கு வழியாகவே அனுப்பும்படி மாற்றுங்கள். மாதம் ஒரு முறை நீங்களே ஒரு ஃபார்ம் நிரப்பி அனுப்பிப் பாருங்கள். வைகாசி முகூர்த்தத்துக்கு விசாரித்த மெயில் ஸ்பேமில் ஆனி மாதம் கண்ணில் பட்டு என்ன பயன்?

எந்த ஊர் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். முகப்பிலேயே ‘மதுரை’ என்று எழுதுங்கள். ஸ்டுடியோ இருக்கும் தெரு, பக்கத்து அடையாளம், கூகுள் மேப் இணைப்பு, எந்தெந்த ஊருக்கு வண்டிச் செலவு இல்லாமல் வருவீர்கள் என்பதும் வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் நேரில் வந்து ஆல்பத்தைத் தொட்டுப் பார்க்க நினைப்பவர்கள் இங்கே அதிகம்.

“ஆபீஸ்ல திறந்தேன், மேளம் அடிக்க ஆரம்பிச்சிருச்சு”

பின்னணி இசையை எடுத்துவிடுங்கள். சத்தத்தோடு தானாக ஓடும் வீடியோவை க்ரோம் 2018லிருந்தே தடுக்கிறது. அதனால் திறந்ததும் சத்தம் வராமல், எங்கேயாவது விரல் பட்ட பிறகு திடீரென்று வெடிக்கும். அது இன்னும் மோசம். வீடியோவுக்கு ஒரு நிலைப்படமும் ப்ளே குறியும் வைத்து, தொட்டால் மட்டும் ஓடட்டும்.

“தமிழ்ல எழுதியிருக்காங்க, ஆனா என்னமோ இங்கிலீஷ் எழுத்தா கொட்டிக்கிடக்கு”

ஆல்பம் டிசைனர் பாமினி எழுத்துருவில் அடித்த வாசகத்தை அப்படியே எடுத்து சைட்டில் ஒட்டியிருப்பார்கள். பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத ஃபோனில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், கூகுள் தேடலிலும் வராது. என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள். மாற்றிய பிறகு ஒரு முறை படித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கலாம்.

எழுத்துருவுக்கு கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், நம் ஊர்ப் பெயரையே தாங்கிய ஹிந்த் மதுரை எல்லாம் இலவசம். 16 பிக்சலுக்குக் குறையாமல், வரி இடைவெளி 1.6 மடங்கு வையுங்கள். ஆங்கிலத்துக்குப் பொருத்திய இடைவெளியில் தமிழின் மேல்விசிறியும் கீழ்க்கொம்பும் ஒன்றோடொன்று உரசும். படத்தின் மேல் மெல்லிய சாம்பல் எழுத்து வேண்டவே வேண்டாம். வெயிலில் நின்று ஃபோன் பார்ப்பவருக்கு அது தெரியாது.

“குரூப்புல அனுப்பினேன், யாரும் தொறக்கவே இல்ல”

வாட்ஸ்அப்பில் லிங்க் போட்டால் படம் வராமல் வெறும் நீல எழுத்து மட்டும் நிற்கிறதா? பகிர்வுப் படம் வைக்கப்படவில்லை, அல்லது எடை அதிகம். 1200க்கு 630 பிக்சலில், 300 கேபிக்குள், கோபுரத்தையோ கேமராவையோ விட்டுவிட்டு ஒரு கல்யாண முகம் தெரியும் படத்தை எஸ்இஓ (தேடலில் சைட் தெரிய உதவும்) ப்ளக்இனில் ‘சோஷியல் இமேஜ்’ என்ற இடத்தில் ஏற்றுங்கள். தலைப்பில் ஸ்டுடியோ பெயரோடு ஊரும் வரட்டும். மாற்றிய பிறகும் பழையதே வந்தால், லிங்க்கின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் ஏதாவது எண்ணும் சேர்த்து அனுப்பிப் பாருங்கள். புதிதாக எடுத்துக்கொள்ளும்.

“எங்க படத்த யாரக் கேட்டுப் போட்டீங்க?”

இந்தக் கோளாறைத் தொழில்நுட்பத்தால் தீர்க்க முடியாது. எடுத்தவனுக்குத்தான் படம் சொந்தம் என்று பலர் நம்புகிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17(பி) வேறு சொல்கிறது: ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணம் பெற்றுக்கொண்டு எடுத்த போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதனால் புக்கிங் படிவத்தில் தனியாக ஒரு கேள்வி வேண்டும்: ‘உங்கள் படங்களை எங்கள் சைட்டில், இன்ஸ்டாகிராமில் போடலாமா? ஆம், இல்லை, சில படங்கள் மட்டும்’. கையெழுத்து வாங்குங்கள். பொடி எழுத்தில் பத்தாவது நிபந்தனையாகப் புதைக்காதீர்கள். ‘இல்லை’ என்றவர்களிடம் காரணம் கேட்காதீர்கள், ரேட்டைக் கூட்டாதீர்கள்.

சடங்குப் படங்களில் இரட்டைக் கவனம் வேண்டும். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. வகுப்பில் ஒருவர் கண்ணில் பட்டால் போதும். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொண்டு, பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. ஒப்புதலே இருந்தாலும் பொதுப் பக்கத்தில் பிள்ளையின் முகம் வேண்டாம். மேடை, சீர்வரிசைத் தட்டுகள், மருதாணிக் கை, மாமன் கொண்டுவந்த மாலை என்று காட்டினாலே உங்கள் வேலை தெரியும். விசாரிக்க வருபவருக்கு முழு ஆல்பத்தை ஸ்டுடியோவில் காட்டிக்கொள்ளலாம்.

படத்தை நீக்கச் சொன்னால் 24 மணி நேரத்துக்குள் நீக்கிவிடுங்கள். சைட்டில் நீக்கினால் கூகுள் படத்தேடலில் சில நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். கூகுளின் ‘காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கு’ பக்கத்தில் அந்த முகவரியைக் கொடுத்தால் சீக்கிரம் போகும்.

சில்லறைக் கோளாறுகள்

முகவரிப் பட்டையில் ‘பாதுகாப்பற்றது’ என்று வந்தால் இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் இல்லை, அல்லது காலாவதி ஆகிவிட்டது. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம், 90 நாள்தான் செல்லும். ஹோஸ்டிங்கில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடுகிறதா என்று பாருங்கள்.

அடியில் இன்ஸ்டாகிராம் படங்கள் இருந்த இடம் வெறும் கட்டமாக நின்றால், பழைய ப்ளக்இன் நம்பியிருந்த இணைப்பை மெட்டா 2024 டிசம்பர் 4 அன்று மூடிவிட்டது. புதிய பதிப்பில் பிசினஸ் கணக்காக மறுபடி இணையுங்கள், அல்லது அந்தப் பகுதியையே எடுத்துவிடுங்கள்.

ரைட் கிளிக்கைத் தடுப்பதால் திருட்டு நிற்பதில்லை, ஸ்க்ரீன்ஷாட் எடுக்கக் கண நேரம் போதும். அதே போல முகத்தின் குறுக்கே ஓடும் வாட்டர்மார்க். ஓரத்தில் சின்னதாக ஸ்டுடியோ பெயர் போதும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஃபோனில் ‘பேக்’ தட்டினால் சைட்டை விட்டே வெளியே தள்ளினால், கேலரி ப்ளக்இனில் ‘ஹிஸ்டரி’ அல்லது ‘டீப் லிங்க்’ என்ற செட்டிங்கை இயக்குங்கள். வாடிக்கையாளர் இதைக் குறையாகச் சொல்ல மாட்டார். மறுபடி வர மாட்டார், அவ்வளவுதான்.

எப்போது செய்வது

ஆடியும் மார்கழியும் கல்யாணம் இல்லாத மாதங்கள். ஆவணிக்கும் தைக்கும் விசாரிப்பவர்கள் அந்த நாட்களில்தான் லிங்க்கைச் சுற்றிவிடுகிறார்கள். எனவே வேலையை ஆடி முதல் வாரத்திலேயே, மார்கழி முதல் வாரத்திலேயே முடித்துவிடப் பாருங்கள். ஃபோன் பட்டனும் ஆரம்ப ரேட்டும் ஒரு சாயங்கால வேலை, முதலில் அவை. அடுத்து படங்களின் எடை. இருநூறு படம் இருந்தால் ஒரு நாள் பிடிக்கும். முழுக் கல்யாண வரிசைக்கு இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள். படத்தைத் தேர்ந்தெடுப்பதற்கே அவ்வளவு நேரம் தேவைப்படும். ஒவ்வொன்றை முடித்ததும் அதே பழைய ஃபோனை இன்னொரு புது ஆளிடம் கொடுத்துப் பாருங்கள். முதலில் பார்த்த அத்தைக்கு இப்போது வழி பழகியிருக்கும்.

டொமைன் (சைட்டின் முகவரிப் பெயர்) எந்தத் தேதியில் முடிகிறது, யார் பெயரில், எந்த மெயிலில் பதிவாகியிருக்கிறது என்பதையும் அப்போதே எழுதி ஸ்டுடியோ சுவரில் ஒட்டிவிடுங்கள். சைட் செய்து கொடுத்த பையன் வேலை மாறி பெங்களூர் போன பிறகு அந்தப் பாஸ்வேர்டைத் தேடுவது பெரும்பாடு.